தலைவர் தொட்ட ஓரத்துச் சிப்பாய்

மார்பில் மாலை மணக்க வீற்றிருக்கும் அவைத் தலைவர் வீரபத்திரன் அவர்களே! அரக்கோணம் தந்த சதுரங்க வல்லுநர் நாகராஜன் அவர்களே! மலையேறி முருகனைக் கண்டு, இறங்கிய களைப்போடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அம்மையார்குப்பத்தில் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! திருத்தணி சதுரங்க மன்றச் செயலாளர் தபிதாள் வணங்குகிறேன். வணக்கத்தோடு என் வயிற்றெரிச்சலையும் சமர்ப்பிக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நடந்தது என்ன? நம் அனிதா எழுதிய கணினி நிரல் நாகராஜனோடு மோதியது. சிப்பாய்கள் முட்டிக்கொண்டு வழி அடைத்து நின்றால் மனிதருக்குக் கொண்டாட்டம். நிதானமாகத் திட்டம் தீட்டுவார். வழி திறந்து வெட்டும் குத்துமாக மோதினால் நிரலுக்குக் கொண்டாட்டம்; நொடியில் கணக்குப் போடும். அதனால்தான் அனிதா மாதக்கணக்கில் தேடி ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தாள். நடுச் சிப்பாயைத் தள்ளு! வழியைத் திற! பாய்!

பாய விட்டோமா?

விளக்கேற்றிய கையோடு இதே தலைவர் அனிதாவின் முதல் காயை நகர்த்தித் தொடங்கி வைத்தார். எந்தக் காய்? ஓரத்துச் சிப்பாய்! எவ்வளவு தூரம்? ஒரே கட்டம்! சடங்கு முடிந்ததும் காயைப் பழைய இடத்தில் வைப்பதுதான் எங்கும் வழக்கம். அனிதா கை நீட்டினாள். பொருளாளர் வேடியப்பன் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, பெரியவரு வெச்ச காயையா எடுக்கிற? ஊரே பாத்துகினு கீது. அப்டியே ஆடும்மா!"

ஆடினாள். அவள் நிரலுக்குச் சொல்லிக்கொடுத்த தொடக்கத்தில் அந்த நகர்வே இல்லை. நாகராஜன் வழியெல்லாம் அடைத்தார். நிரல் யானையை முன்னும் பின்னும் உலாத்தித் தோற்றது.

தலைவரை ஊர் குறை சொன்னதா? வேடியப்பனைச் சொன்னதா? "அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்றது! கணினியை மூடியவளை மீண்டும் அழைத்து வர நான் நடையாய் நடந்தேன். இன்றைய மறு ஆட்டத்திலும் தோற்றால் இனித் தொடமாட்டேன் என்றுதான் வந்திருக்கிறாள்.

யாரங்கே சிரிப்பது? ஆங், பலகைப் பக்கத்தில் நிற்கும் யோபுவா? சொல்லுங்க... என்ன? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவர் காயை நகர்த்திவிட்டாரா? அதே ஓரத்துச் சிப்பாயா?

பெருமக்களே! மாலை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், நாற்காலியைக்கூடத் துடைத்துத் தருவோம். ஆனால் ஆட்டம் ஆடுகிறவளுடையது! தோல்வி அவள் தலையில் என்றால் தொடக்கமும் அவள் கையில்தான்! இதோ, பலகைக்கு வந்துவிட்டேன். எடுத்தேன். பழைய இடத்தில் வைத்தேன். மரியாதைக் குறைவு என்றால் என்னை ஏசுங்கள், அவளை விடுங்கள். வேடியப்பன் அண்ணே, உட்காருங்க!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம். அனிதா, முதல் காயை நீ நகர்த்தும்மா.