பச்சை ஸ்கூட்டரும் ஃபிசாவின் உதடும்

என் பெயர் ஆதில், வயது முப்பத்து நான்கு, தகப்பனார் பெயர் ஷரீஃப், குடியிருப்பது மேற்கு மாம்பலம். தி. நகரில் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் மகள் ஃபிசாவை மடியில் வைத்துக்கொண்டு நான் சொல்வதாவது:

ஃபிசாவுக்கு நான்கு வயது நடக்கிறது. என் மனைவி ரூபீனா பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இன்று சனிக்கிழமையானாலும் அவருக்கு ஆபீஸ் இருந்தபடியால், நான் கடைக்குப் போகாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். காலையில் அவளை மாநகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். என்னுடைய நீல நிற ஸ்கூட்டரை வாசலில், இளநீர் விற்கும் பொன்மணி என்பவரின் தள்ளுவண்டிக்கு அருகில் நிறுத்திப் பூட்டினேன்.

அதன் பிறகு ஃபிசா என் கையைப் பிடித்துக்கொண்டு சறுக்குமரத்தில் பலமுறை சறுக்கினாள். அதன் பிறகு, "கைய விடுங்க அத்தா, நானே வரேன்" என்றாள். விட்டேன். அவள் தானாகவே சறுக்கி, சரியாகக் கீழே வந்து, எழுந்து நின்று, நான் பார்த்தேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தபடியே நடந்து, பக்கத்திலிருந்த ஊஞ்சலின் இரும்புக் காலில் மோதிக்கொண்டாள். சறுக்குமரத்தில் அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாயிலிருந்து ரத்தம் வந்தது. தடுப்பூசி போட்ட இடத்தில் ஒரு பொட்டு வந்ததைத் தவிர, அவள் ரத்தத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. உதட்டில் சிறிய காயம் பட்டாலும் ரத்தம் நிறைய வரும் என்பதை டாக்டர் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவள் வீறிட்டு அழுதாள். நானும் சத்தம் போட்டதாகப் பூங்காவில் இருந்தவர்கள் சொல்லியிருந்தால் அதை மறுக்கவில்லை.

வாசலில் இளநீர் வண்டிக்கு அருகில் நின்ற ஸ்கூட்டரில் சாவி இருந்தது. சாவியை எடுக்க மறந்திருக்கிறேன், அதுவும் நல்லதாகப் போயிற்று என்று எண்ணி, குழந்தையை முன்னால் நிற்க வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு கிளம்பினேன். பொன்மணி கையை ஆட்டி ஏதோ கத்தினார். எனக்காகக் கூட்டத்தை விலக்குகிறார் என்று நினைத்து, நன்றி சொல்லும் விதமாகத் தலையசைத்தேன்.

துரைசாமி சப்வேயில் இறங்கும்போது ஃபிசா அழுகையை நிறுத்திவிட்டு, "அத்தா, இது நம்ப வண்டி இல்ல" என்றாள்.

அடி தலையிலும் பட்டிருக்கிறது, நினைவு தடுமாறுகிறது என்று நான் பயந்துபோய் வேகத்தைக் கூட்டினேன். அவள் மறுபடியும், "இது பச்சை அத்தா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேகமாகப் போனதற்கு அபராதம் உண்டென்றால் கட்டுகிறேன்.

தொழில்முறையில் எனக்கு நிறம் தெரியாதா என்று, இதை எழுதிக்கொள்ளும் ஏட்டையா கேட்டதன் பேரில் சொல்கிறேன். கிளிப்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் ராத்திரியில் குண்டு பல்பு வெளிச்சத்தில்கூட எனக்கு வித்தியாசம் தெரியும். இன்று காலையில் தெரியவில்லை.

அதன் பிறகு தி. நகரில் டாக்டர் ஷண்முகப்ரியாவின் கிளினிக்குக்குப் போனோம். அவர் காயத்தைக் கழுவிப் பார்த்து, உதட்டின் உட்புறம் லேசாகக் கிழிந்திருக்கிறது, தையல் தேவையில்லை, தானே ஆறிவிடும் என்றார். துணியில் ஐஸ் சுற்றி ஃபிசாவின் கையில் கொடுத்து, "இத உதட்டுல அழுத்திப் புடிச்சுக்கோ, நான் எடுக்கச் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது" என்றார்.

"உதடு இருக்கட்டும் டாக்டர், சொந்த வண்டியே அவளுக்கு அடையாளம் தெரியல. நீல வண்டியப் பச்சைங்கிறா" என்று நான் சொன்னேன். டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைதானே சார் நிக்குது" என்றார்.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். பச்சை. சட்டைப்பையில் கை விட்டேன். என் வண்டியின் சாவி இருந்தது. அதன் பிறகு கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. நர்ஸ் எனக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பச்சை ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டு ஏட்டு தங்கவேல் அவர்கள் வந்தார். அலறுகிற பெண் குழந்தையையும் ஒரு ஸ்கூட்டரையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று தகவல் பரவியிருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் சட்டையெல்லாம் ரத்தம்.

"இன்னாபா, வண்டி உன்து இல்ல. கொயந்தையாவது உன்துதானா?" என்று கேட்டார்.

என்னுடையதுதான் என்றேன். அவர் உள்ளே போய்க் குனிந்து, "பாப்பா, இவரு யாரு?" என்று கேட்டார். ஃபிசா பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், ஏட்டையாவைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எழுந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஃபிசா பெரியவர்கள் சொன்ன பேச்சைத் தட்டாத குழந்தை என்று நான் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்கவில்லை. சத்தம் கேட்டு டாக்டர் வந்து, "ஐஸை எடுத்துடலாம்மா" என்று சொன்ன பிறகே அவள் பேசினாள்.

"எங்க அத்தா. நம்ப வண்டி இல்லன்னு நான் சொன்னேன். அத்தா கேக்கவே இல்ல."

"சாட்சி சொல்லிடிச்சி. கெளம்பு ஸ்டேசனுக்கு" என்றார் ஏட்டையா.

நிலையத்தில் வண்டியின் உரிமையாளரான விஜயலக்ஷ்மி அம்மாள், வயது சுமார் அறுபது, காத்துக்கொண்டிருந்தார். பொன்மணியிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாவியை அதிலேயே விட்டு, எதிர்ச்சாரியில் பூ வாங்கப் போயிருக்கிறார். என்னைக் கண்டதும், "வண்டி கெடக்கட்டும், டிக்கியத் திறங்கோ. எங்காத்துக்காரரோட பல்செட் இருக்கு. சாயங்காலம் கல்யாணத்துக்குப் பல்லில்லாம வரமாட்டேன்னு ஒக்காந்துண்டிருக்கார்" என்றார்.

டிக்கி திறக்கப்பட்டது. டப்பாவில் பல்செட் பழுதில்லாமல் இருந்தது. அதைப் பார்த்த ஃபிசா முகம் மாறி, தன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "உன் பல்லெல்லாம் உன் வாய்லயேதான் இருக்குடி கொழந்தே" என்றார் அந்த அம்மாள். ஃபிசா சிரித்தாள். சிரித்ததில் உதடு வலித்து மறுபடியும் அழுதாள்.

நான் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். புகார் எதுவும் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பையன் மொதமொதல்ல விழுந்து மண்டைய ஒடச்சிண்டப்போ, நான் பதட்டத்துல பக்கத்தாத்துக் கொழந்தையத் தூக்கிண்டு டாக்டர்கிட்ட ஓடினேன். நீ வண்டியத்தானே மாத்தினே, பரவால்ல" என்றார்.

என் மனைவிக்கு நான் அதுவரை தகவல் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. ஏட்டையாதான் போன் செய்தார். ரூபீனா ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து, குழந்தையின் உதட்டை விரித்துப் பார்த்தார். தையல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழுதீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்வதற்குள், "அத்தா சப்வே முழுக்க அழுதாங்க அம்மா" என்று ஃபிசா சொல்லிவிட்டாள். ரூபீனா தன் துப்பட்டா நுனியை நனைத்து, என் கழுத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டார்.

மேலே கண்டதை ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி சரியாக எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டும்போதே ஃபிசா என் வலது தோளில் தூங்கிவிட்டாள். ஆகையால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

(ஒப்பம்) ஆதில்