முற்றத்துப் பூக்கோலம்

பிறத்தியாரின் கதையைக் காவிச் சொல்வது பாவமோ என்று நினைத்துப் பல வருடங்கள் இதை எழுதாமல் இருந்தேன். பிள்ளையார் பொறுப்பார் என்று இப்போது எழுதுகிறேன்.

போரால் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்த காலம். நிவாரண அரிசிக்குச் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், தன் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் மூத்த பெண்ணிடம் சொன்னார்:

"அக்கா, வாற ஞாயிறு எங்களுக்கு ஓணம். என்னைப் பெத்த ஐயா மலையாளத்தில இருந்து வந்தவர், சாகுமட்டும் விடாமல் செய்தவர். எல்லாரும் சாப்பிட வாங்கோ."

"வாறம் தங்கச்சி. என்ன கறி?"

"பூசணிக்காயும் பயித்தங்காயும்தான். ஆனால் முத்தத்தில பெரிய வட்டமாய்ப் பூக்கோலம் போடுவன். மாவலி ராசா வருசத்தில ஒருநாள் வீடு பார்க்க வாறவர். பூவைப் பார்த்துத்தான் வருவார்."

"அப்பிடியெண்டால் நாங்கள் வரேல்லை."

"ஏன் அக்கா?"

"வெட்டவெளியில நிறம் நிறமாய் வட்டம் கிடந்தால், மேல பிளேனில சுத்துறவன் அது ராசாவுக்கெண்டோ நினைப்பான்? சனமும் கூடி நிக்கும். போன கிழமையும் குண்டு போட, பங்கருக்குள்ள ஓடினனாங்களெல்லே."

வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் நகரவில்லை.

"பூ இல்லாட்டி ஐயாவுக்குச் செய்யாத மாதிரி. நீங்கள் வராட்டி ஆருக்குச் சமைக்கிறது? சொந்தமெல்லாம் ஓமந்தைக்கு அங்கால, ஆமிக்காரன்ர பக்கம்."

மூத்தவர் வானத்தைப் பார்த்தார். அந்தப் பெண் மெல்லச் சொன்னார்:

"மாவலி பாதாளத்தில இருந்தெல்லோ வாறவர், அக்கா. மாமரத்துக்குக் கீழ போடுறன். கீழயிருந்து வாறவருக்குத் தெரியும். மேலால வாறவனுக்குத் தெரியாது."

"அப்ப வாறம். தயிர் நான் கொண்டுவாறன்."

இதை இன்னொருவருக்குச் சொல்கிறவர்கள், அவர்கள் கதைத்தபடியே சொல்லுங்கள். ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.