எண் குத்தாத பாகங்கள்

துருவை மோந்து பார்த்தே இரும்புக்கு வயசு சொல்லுவான் இந்த வேலுசாமி என்று நாமக்கல்லில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மாங்க. நிதானமாகப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் குமாரசாமி என்று பெரிய தோட்டக்காரர். ஏற்காட்டு எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரனிடம் அவருடைய அப்பா வாங்கிய புல்வெட்டும் மெஷின் அவர் பங்களாவில் இருந்தது. தினமும் அதைத் தள்ளுகிறவன் சடையன். வருஷம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கொடுப்பது என் பட்டறை.

எண்பத்திரண்டில், பழைய மெஷின்களைச் சேர்க்கிற மெட்ராஸ்காரர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் எது கம்பெனியில் வந்த பாகம், எது பின்னால் மாற்றியது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் குமாரசாமி.

புல்தரையிலேயே உட்கார்ந்து பிரித்தேன். கம்பெனிப் பாகம் எல்லாவற்றிலும் ஒரே எண் குத்தியிருக்கும். சட்டத்தில் இருந்தது, உருளையில் இருந்தது. பிளேடில் இல்லை. பல்சக்கரம் இரண்டிலும் இல்லை. சீமை மெஷினில் போல்ட்டுகளின் மரைச் சுற்று இஞ்சுக் கணக்கில் இருக்க வேண்டும். நாலு போல்ட் மில்லிமீட்டர். இருந்ததை இருந்தபடி சொன்னேன். வருகிறவர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்.

யார் மாற்றினது என்று கேட்டார் குமாரசாமி.

"நான் யாரைங்க சொல்றது? வருசம் பூரா மெஷின் சடையன் கையிலதான இருக்குது."

அதுவும் பொய்யில்லை.

சடையன் குடிசையில் தேடினார்கள். கூரை ஓலைக்குள் எண் குத்திய பல்சக்கரம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். மோட்டார் ரூமில் கட்டிவைத்தார்கள். அவன் சம்சாரம் சாலம்மாள் என் பட்டறைக்கு நடந்தே வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா உட்டுருவாங்க சாமி."

பார்த்ததைத்தான் சொன்னேன், அதை மாற்றிச் சொல்ல முடியாது என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டார்கள். நடக்க முடியாமல் தவழ்ந்துபோய்க் கிணற்றில் விழுந்தான்.

பல்சக்கரத்தை ஓலைக்குள் செருகினது நான். மற்றதையெல்லாம் வருஷத்துக்கு ஒன்றாகக் கழற்றி பெங்களூர்க்காரர் ஒருவரிடம் விற்றதும் நான்தான். பதிலுக்கு என் பட்டறையில் செய்ததைப் பொருத்தினேன். குமாரசாமிக்கு வித்தியாசமே தெரியவில்லை. சடையனுக்குத்தான் தெரிந்தது. எண்பத்திரண்டில் என் பட்டறையிலிருந்து மெஷினை எடுத்துப்போன மறுநாளே திரும்பி வந்தான்.

"பழைய சத்தம் இல்லீங்க. பெரியவருகிட்ட இன்னும் சொல்லலீங்க. நீங்கதான் பாக்கோணும்."

முதலாளியிடம் போகாமல் என்னிடம் வந்தான். அத்தனை நம்பிக்கை. எத்தனை நாளைக்கு அப்படியே இருப்பான்? நானும் பிள்ளைகுட்டிக்காரன்.

திருடன் பெண்டாட்டி என்று சாலம்மாளுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். ஆறு வருஷமாக என் பட்டறையைக் கூட்டுகிறாள். காலையில் என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவாள். தப்பு செய்தவனை ஒருத்தி அப்படிக் கும்பிடுவாளா, நீங்களே சொல்லுங்க.