அடிக்கப்பட்ட நாலாவது வரி

“வயிறுதான் மூலம்னு பத்து நாளா சொல்றேன். நீங்க நரம்பைக் கட்டிக்கிட்டு அழறீங்க,” என்று வயிற்று டாக்டர் கத்தினார்.

“அப்ப கை ஏன் சார் தொங்குது? அதுவும் அஜீரணமா?” என்று நரம்பு டாக்டர் எகிறினார்.

நான் அண்ணியின் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் போட்டாலும் குழாயடிச் சண்டை குழாயடிச் சண்டைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. சட்டை மட்டும் வெள்ளை.

அந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன் அண்ணியை நாலு டாக்டர்களிடம் அழைத்துப் போனவள் நான். அண்ணனுக்கு வேலை ஒழியாது. அண்ணிக்கோ நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அவளுக்கு வாயாக நான் இருந்தேன். வயிற்றுக்காரரிடம் வயிற்றைச் சொன்னேன், நரம்புக்காரரிடம் கையைச் சொன்னேன். சோகைக்கு ஒருவர், மறதிக்கு ஒருவர். ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

என் விஷயத்தில் அண்ணி ஒரு டாக்டரையும் கேட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை வாசல்வரை வழியனுப்பப் போனவள், “சின்ன வயசுல வலிப்பு வரும், இப்ப பரவாயில்லை,” என்று காதில் போட்டு அனுப்பினாள். ஆறு வயதில், காய்ச்சலில், ஒரே ஒரு தடவை வந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டுக்கு ஜாதகம் போனாலும் அந்த வலிப்பு முந்திக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இருபது வருஷம் அவள் அடுப்படியில் வெந்தேன். கேட்டால், “நல்லதுக்குத்தான் சொன்னேன், மறைச்சா பாவமில்லையா?” என்பாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா ஒருத்திதான் எல்லாச் சீட்டுகளையும் என்னிடம் கேட்டு வாங்கி, கட்டில்மேல் பரப்பி வைத்துப் பார்த்தாள். இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். நாலாவது வரி, ஈய நஞ்சு.

“அக்கா, இவங்க நாட்டுப் பொடி, லேகியம் ஏதாவது சாப்பிட்டாங்களா?”

“மாத்திரையே முழுங்க மாட்டாங்கம்மா,” என்றேன்.

நாலாவது வரியை அடித்தாள். எங்கள் வீட்டில் ஒருவரும் என் பேச்சை அப்படி நம்பியதில்லை.

பொடி என்னுடையது. மூட்டுவலிக்குத் தெருவில் வாங்கித் தின்று நான் வயிறு முறுக்கிக் கிடந்தபோது, அதில் ஈயம் இருக்கிறது, கொட்டிவிடுங்கள் என்றார் எங்கள் தெரு டாக்டர். பாதி டப்பா மிச்சமிருந்தது. வீணாக்குவது என் பழக்கமில்லை. காலைக் காப்பியில் கலந்து கொடுத்தேன். தீர்ந்ததும் இன்னொரு டப்பா வாங்கினேன்.

ரத்தத்தில் ஈயம் தெரிந்தபோது அண்ணிக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். ஏதோ பழைய பாத்திரத்திலிருந்து வந்திருக்கும் என்று எழுதி மூடினார்கள். வருஷம் திரும்புவதற்குள் அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தான்.

சின்ன டாக்டரம்மாவைத்தான் நிற்கவைத்து விசாரித்தார்களாம். நாலாவது வரியை ஏன் அடித்தாய் என்று கேட்டு வேலையைவிட்டு அனுப்பினார்களாம். நிச்சயமான மாப்பிள்ளையும் கைகழுவிவிட்டான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள்.

அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வந்தேன், ஐயா. இல்லாத குற்றத்தைச் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.