கான்டஸா பார்க்கப் போன எஸ்டீம்

ஹலோ... ஹலோ, நல்லசிவமா? ஏலே, நான்தான் காளீஸ்வரன்... சிவகாசி காளீஸ்வரன்லே, உன் விருதுநகர் ஒர்க்ஷாப்புக்கு எத்தன காளீஸ்வரன் வாரான்?... ஆமா, பூத்துல இருந்துதான் பேசுறேன். நாரணாபுரம் ரோட்டுல. செல்லு வீட்டுல கெடக்கு. பட்டாசுக் கம்பெனிக்குள்ள செல்லு கொண்டுபோக விடுவாகளா... சரி, அத விடு. என் எஸ்டீம் காருல இருந்து பழைய சைலன்சரக் கழட்டுனியே, இருக்கா? எடைக்குப் போட்டுட்டியா?... இருக்கா? குலசாமிதான் காப்பாத்திருக்கு. ஸ்பானர் செட்டோட அத எடுத்துக்கிட்டு இப்பமே கிளம்பி வா.

...ஆமா, ஆமா. கான்டஸா காரப் பாக்கத்தான் வந்தேன்... பொறுலே. வாங்கியாச்சா, வாங்கியாச்சான்னு பறந்தா எப்படி. நடந்தத மொதல்ல கேளு.

...ஜெயச்சந்திரன் அண்ணாச்சியோட பட்டாசுக் கம்பெனிதான், காரும் அவுகளதுதான். ரெண்டு மணிக்கு வரச் சொல்லிருந்தாக. சரியாப் போயிட்டேன். வண்டிய கேட்டுக்கு வெளிய, வேப்பமரத்தடியிலதான் நிறுத்துனேன். கம்பெனிக்குள்ள வண்டி கொண்டுபோகக் கூடாதுன்னு எனக்கென்ன வெவரம் தெரியாதா... நிறுத்துனதோட இறங்கியிருக்கணும். அங்கனதான் புத்தி பிசகிருச்சு. அண்ணாச்சி கார்ப் பைத்தியமாச்சே, நம்ம வண்டிச் சத்தத்தையும் கேக்கட்டுமேன்னு, நல்லா ரேஸ் குடுத்து, சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்... டமார்னு. ரெண்டு தடவ... சிரிக்காதலே. சைலன்சரக் கழட்டிட்டு நீ மாட்டிவிட்ட குழாய்தான வெடிச்சது.

...மத்த ஊருன்னா திரும்பிப் பாப்பாக. இங்கன சத்தம் கேட்டா எவன் நின்னு பாக்கான், ஓடத்தான செய்வான். அத்தன ரூம்ல இருந்தும் போட்டது போட்டபடி பொம்பளைக பொட்டலுக்கு ஓடியாறாக... அறுவது பேரு. தீபாவளி சீசன்ல, ஆளு ஃபுல்லு. போர்மேன் வெள்ளைத்துரை தலைய எண்ணுறாரு, ஒரு ஆளு குறையுது. மாரித்தாய், மாரித்தாய்னு எல்லாரும் கத்துறாக...

...இல்ல, இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தக்கா எல்லாருக்கும் முந்தி கேட்டத் தாண்டி ஓடியாந்து, என் கார் மேலயே சாஞ்சு நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கு. என்னயப் பாத்து, "எந்த ரூமுய்யா வெடிச்சுச்சு?"ன்னு கேக்குது. "ரூமு இல்லக்கா, இந்தக் காருதான்"னேன்... ம்... ம்... அடிக்கல. அடிச்சிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்துச்சு. அப்படியே தரையில உக்காந்து அழுதுருச்சுலே. நானும் அழுதுட்டேன்... இதுல என்ன வெக்கம்.

...அண்ணாச்சியா? ஒரு சத்தம் போடல. வந்து, குனிஞ்சு குழாயப் பாத்தாக. "இது யாரு பாத்த வேல?"ன்னாக... உன் பேரத்தான் சொன்னேன், பின்ன யாரு பேரச் சொல்லுவேன். கை நடுங்கிக்கிட்டு வெடிமருந்துல கை வைக்கக் கூடாதுன்னு இன்னைக்கு வேலையவே நிறுத்திட்டாக. உள்ளூர் ஆளுக நடந்து போயிட்டாக. ஆனைக்குட்டத்துல இருந்து வாரவுக இருபத்தாறு பேரு. கம்பெனி வேன் சாயங்காலந்தான வரும். அண்ணாச்சி சட்டப்பையில இருந்து ஒரு சாவிய எடுத்து என் கையில குடுத்து, "நீ கெடுத்த வேல, நீயே கொண்டுபோயி வீட்டுல விடு"ன்னுட்டாக... அதேதான். கான்டஸா சாவி.

...ஓட்டுனேன்லே. நாலு நடை. எம்பத்தாறு மாடல், பத்தொம்பது வருசம் ஆச்சு, பெயிண்ட் இன்னும் ஒரிஜினல். ஸ்டார்ட் ஆனதே தெரியாம மறுபடியும் சாவியத் திருகிட்டேன்னா பாத்துக்கோ. பள்ளத்துல இறங்குனா தொட்டில்ல ஆட்டுன மாதிரி இருக்கு... ஆமா, பின்னாடி அஞ்சு பேரு, முன்னாடி ரெண்டு பேரு. மொத நடையில ஒருத்தரும் எங்கூடப் பேசல. ரெண்டாவது நடையில ஏசுனாக. மூணாவதுல, "கண்ணாடிய எப்படி இறக்கணும்?"னு கேட்டுக்கிட்டு ஒரே சிரிப்பு. கடைசி நடையில மாரித்தாயக்கா முன் சீட்டுல தூங்கியே போச்சு. அத எழுப்ப மனசு வராம, வீட்டு வாசல்ல கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வச்சிருந்தேன். அப்பத்தான்லே எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு.

...தாரேன்னுட்டாக. நெசமாத்தான் மாப்ள. கார் வாங்க ஞாயித்துக்கிழம வாரதா இருந்த கோயமுத்தூர் பார்ட்டிய வரவேணாம்னு என் கண்ணு முன்னாடி ஃபோன் போட்டுச் சொல்லிட்டாக. நாளைக்குக் காலையில எடுத்துக்கிடலாம். ஒரே ஒரு கண்டிசன். இந்தச் சத்தம் நாரணாபுரத்துல இன்னொரு தடவ கேட்டுச்சுன்னா கான்டஸாவ மறந்துரணும்... அதான, எஸ்டீம எப்படி ஸ்டார்ட் பண்ணுவேன்? வெள்ளைத்துரையும் வாட்ச்மேனும் ரோடு வரைக்கும் தள்ளி விட்டாக. பக்கத்துக் கம்பெனிகள்ல இன்னும் வேல நடக்கு. அவுகளும் விழுந்தடிச்சு ஓடணுமா?

...அலாய் வீலா? கான்டஸாவுக்கா? ஒரு ஸ்க்ரூவுல கை வச்ச, வெட்டிப்புடுவேன்... ஆமா, நானேதான் பேசுறேன். எதையும் கழட்ட வேணாம், எதையும் மாட்ட வேணாம். எட்டு வருசமா ஆசப்பட்ட வண்டிலே.

...சரி, சரி, எதுல வார?... ஜிப்சி ஜீப்புலயா? எப்ப வாங்குன?... சொல்லவே இல்ல பாரு. நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்... என்னது? அதுலயும் குழாய மாட்டிட்டியா?... என் வண்டிக்குப் போட்டத விடப் பெருசா? ஏலே, வேணாம். அதுல வராத. சைலன்சரத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுல வா... மெதுவாலாம் வர வேணாம், நீ என்னைக்குலே மெதுவா ஓட்டிருக்க?... நல்லசிவம், சொல்றதக் கேளு. ஜிப்சிய எடுக்காத... ஹலோ... ஹலோ...

லைன் கட்டாயிருச்சுக்கா. உங்க பூத்துல இன்னொரு தடவ போட்டுப் பாக்கேன், அதுக்கும் காசு தாரேன்... மணி அடிக்கு, அடிக்கு... எடுக்க மாட்டேங்கான். கிளம்பிட்டான்க்கா... அக்கா, வாசல்ல நிக்கிற சைக்கிள் உங்களதா? கொஞ்சம் தாங்க. விருதுநகர் ரோட்டுல போயி அவன மறிக்கணும்.