விசிலைக் கழற்றிய நீச்சல் கோச்

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை காலை. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் விசில் தொங்கியது.

"எனக்கு நீந்தத் தெரியாது மச்சான். ஆனா காலேஜ்ல நீச்சல் கோச் நான்தான்."

"சும்மா சொல்லாதே லா!"

"முதல்ல ஹாக்கி கொடுத்தாங்க. அப்புறம் பேட்மிண்டன், அப்புறம் வாலிபால். எதுவும் தெரியாமத்தான் போனேன். தோத்த பிள்ளையக் கூப்பிட்டு, எதனால தோத்தேன்னு கேப்பேன். அதைச் சரி பண்ணுவேன். எல்லாத்துலயும் கப்பு வந்திருச்சு."

"நீச்சல்ல?"

"போன மாசம் போட்டியில எங்க காலேஜ் பொண்ணு ஒருத்தி கடைசியா வந்தா. கேட்டேன். 'சார், நீங்க கரையில கூடவே ஓடி ஓடி விசில் ஊதுனீங்க. என்னமோ ஏதோன்னு ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பாத்தேன்'ங்கிறா."

மச்சான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பி சட்டையில் கொட்டியது.

"சிரிக்காதே லா. இன்னைக்கு மறுபடி போட்டி. இதுலயும் தோத்தா வேற கோச் வந்துருவாரு. தண்ணியைக் கண்டா எனக்குப் பயம்தான். ஆனா இந்தப் பிள்ளைங்களை விட்டுட மனசு வரலை."

ஃபெர்ரி படகுத்துறையை நெருங்கியது. எதிர் பெஞ்சிலிருந்து, தோளில் நீச்சல் பை மாட்டிய பெண் ஒருத்தி எழுந்து வந்து அவர் முன் கையை நீட்டினாள்.

"சார், விசில்."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

"பாக்கெட்ல இருக்கிறதும் சார்."