பொன்னாடை போர்த்திய கருப்பை

கையில் மணியை வைத்துக்கொண்டு என்னையே கவனிக்கும் பீங்கான் தொழிலாளர் சங்கத் தலைவர் சாமிதுரை அவர்களே! சிறப்புரை ஆற்ற வந்திருக்கும் டாக்டர் பிரபா அவர்களே! போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் கணவர், சூளைக்காரர் கொளஞ்சிநாதன் அவர்களே! வரவேற்புரை வழங்க வந்த பொம்மைப் பிரிவு அம்புஜவல்லியின் வணக்கம்.

இந்த மேசையைப் பாருங்கள். சுகாதாரக் கண்காட்சிக்காக நாங்கள் வார்த்த பீங்கான் கருப்பை இது. கருக்குழாய், சூலகம், கருப்பை வாய் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, வண்ணத்தில் எழுதியவள் நான். அதற்குப் பொன்னாடை போர்த்தி மறைத்தது யார்? டாக்டரம்மாவுக்கு வாங்கிய பொன்னாடை அல்லவா அது! சிரிக்காதீங்க. இதோ, எடுத்துவிட்டேன்.

சரி, ஆணின் உறுப்பு எங்கே? அச்செடுக்கும் பழமலை அண்ணனைக் கேட்டேன். "ஆம்பளைக்கு எதுக்கும்மா பாடம்? அவனுக்கு என்னா கொற இருக்குது?" என்றார்.

தெருச் சண்டையில் இந்த உறுப்புகளை இழுக்காத வாய் உண்டா? அதே வாய் டாக்டர் முன்னால் அடைத்துப்போவது ஏன்? மலடி என்ற சொல் என் காதில் விழாத நாள் உண்டா? மலடன் என்று இந்த ஊரில் எவரையேனும் எவரேனும் அழைத்ததுண்டா?

என்ன தலைவரே, மணியா? அடிங்க. நான் நிறுத்தப் போவதில்லை.

கடலூர், சிதம்பரம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். என் கருப்பை நலம், சூலகம் நலம் என்றார்கள். வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னார்கள். என் மாமியார், "எம் புள்ள மேலயா கொற சொல்ற?" என்று ஆடித் தீர்த்துவிட்டார். விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குவது ஏன்? உடம்பின் சூடு அதற்கு ஆகாது! சூளை வாயில் நாளெல்லாம் நிற்கிறவருக்கு விந்தணு குறையக்கூடும் என்கிறார் டாக்டரம்மா. குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிடலாமே என்கிறேன். குற்றமா அது?

வருகிற வெள்ளிக்கிழமை, நான் உயிரோடு இருக்கும்போதே, அவருக்காக ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பெண்ணுக்குப் பூ வைக்கப் போகிறார்கள். வயிறு எரிகிறது, தாய்மார்களே! நாளைக்கு அந்தப் பெண்ணுக்கும் மலடி என்றுதானே பெயர் வைப்பீர்கள்?

இதோ, பையிலிருந்து எடுக்கிறேன். விந்தகம், விதைப்பை, விந்துக்குழாய். பழமலை அண்ணன் மறுத்ததை நானே கையால் பிடித்தேன். இன்னும் சுடாத பச்சை மண். சுட வேண்டியவர் முன்வரிசையில் இருக்கிறார்.

என்ன சத்தம் அங்கே? மாமியார் எழுந்து போகிறார். போகட்டும். என் வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார்... வாசலுக்கா? இல்லை, மேடை ஏறுகிறார். என்ன செய்வாரோ தெரியவில்லை. வாங்க. பார்த்துப் புடிங்க, ஈரம் காயல.

என்னா சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க.

கேட்டீர்களா, தாய்மார்களே? "டாக்டரம்மா, நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?" என்கிறார்!

தலைவரே, இனி மணி அடிக்கலாம். டாக்டர் அவர்களே, வருக, வருக! இந்தப் பொன்னாடை இப்போதுதான் உங்களுக்கு. அனைவருக்கும் நன்றி, வணக்கம்.